பறித்தவன் ஊரிலேயே வழக்கு

1701 ஆம் ஆண்டு கோஜா பாபா என்ற ஆர்மேனிய வணிகர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் மக்கள் சபைக்கு ஒரு மனுக் கொடுத்தார். அவருடைய ஊர் பாரசீகத்தின் இஸ்பஹான் நகரை ஒட்டிய ஜுல்பா. தானும் தன் ஊர் வணிகர்களும் சரக்கேற்றியிருந்த கப்பலை ஆங்கிலேய மன்னரின் ஆணையோடு வந்த கப்பல் தலைவன் ஒருவன் நடுக்கடலில் பறித்துவிட்டான், பொருள் எங்களுடையது, எங்களிடமே திரும்ப வரவேண்டும் என்பதுதான் மனுவின் சாரம். ஒரு கப்பல் சரக்குக்காக ஒருவர் உலகின் மறுபக்கம் வரை போய், தன் மொழி பேசாத ஒரு சபையின் வாசலில் நின்றிருக்கிறார்.

கப்பலின் பெயர் கெடா மெர்ச்சன்ட். கெடா என்பது நம்முடைய பழைய கடாரம். வங்காளத்தில் பட்டும் மஸ்லினும் சீனியும் அபினியும் வெடியுப்பும் ஏற்றிக்கொண்டு அது சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கப்பல் பாக்குநீரிணையின் ஆழம் குறைந்த நீரில் போக முடியாது; இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். இலங்கையின் கிழக்குக் கோடி பொத்துவில் பக்கத்துச் சங்கமன்கண்டி முனை. 1698 ஜனவரியில் எங்கள் கரைக்கு வெளியே எங்கோ அந்தக் கப்பல் கடந்து போயிருக்கிறது. கல்முனைக்குடியில் அன்று கரைவலை இழுத்தவர்கள் அதன் பாயைக் கண்டார்களோ, இல்லையோ. கண்டிருந்தாலும் அது இன்னும் சில நாட்களில் கொச்சிக்கு அப்பால் வில்லியம் கிட் என்பவனின் கையில் சிக்கப்போகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தவறாகப் பறிக்கப்பட்ட கப்பலுக்கு அந்நிய வணிகன் யாரிடம் நியாயம் கேட்பது? அரபிக் கப்பல், மலாயத் தோணி, மரக்காயர் சம்மான் என்று எத்தனையோ கலங்கள் கடந்துபோன கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நாங்கள் எழுப்பாமல் வேறு யார் எழுப்புவது?

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று தமிழிலேயே கல்லில் இருக்கிறது. நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு, 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை. பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவந்த கலமானால் சரிபாதி. இன்றைய கண்ணுக்குப் பாதியை அரசன் எடுப்பது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் கரை ஒதுங்கியதெல்லாம் கரையை ஆள்பவனுக்கே என்பதுதான் அன்றைய உலக வழக்கம். அந்த வழக்கத்தின் நடுவே, பாதியாவது அந்நியனுக்கு உரிமை என்று எழுதியதும், வந்த வணிகர் படிக்கட்டும் என்று சிங்கள அரசன் ஒருவன் தமிழில் எழுதியதும் பெரிய காரியம்.

ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244-45 இல் பொறித்த அபய சாசனம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. முன்னிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் பொருளையெல்லாம் பலவந்தமாகப் பறித்தார்கள், நாம் சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. முந்தைய அரசர்கள் செய்தது பறிமுதல் என்று ஓர் அரசே கல்லில் ஒப்புக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தவரை அபூர்வம்.

நயினாதீவில் இப்படி எழுதிய அதே பராக்கிரமபாகுவுக்கும் வெளியில் நியாயம் கிடைக்காத அனுபவம் உண்டு. பர்மிய அரசன் யானை வியாபாரத்தைத் தடுத்தான், தூதர்களின் பொருளைப் பறித்தான், கம்போஜத்துக்கு அனுப்பிய இளவரசியையும் வழியில் பிடித்தான் என்று சூளவம்சம் குறை சொல்கிறது. அந்த வழக்கை விசாரிக்க எந்தச் சபையும் இருக்கவில்லை. அரசன் கப்பற்படையை அனுப்பினான். அரசனுக்குப் படை இருந்தது. ஒரு சாதாரண வணிகனுக்கு என்ன இருந்தது?

போர்த்துக்கேயர் வந்த பிறகு அவனுக்கு ஒரு கடுதாசி கிடைத்தது. 'கர்த்தாஸ்' என்று அதற்குப் பெயர். நாம் தினமும் சொல்லும் கடுதாசி என்ற சொல்லே போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதான் என்பார்கள். 1502 முதல், இந்துமாக்கடலில் ஓடும் கப்பல்கள் அவர்களிடம் பணம் கட்டி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் துறைமுகத்துக்கே போக வேண்டும், அவர்கள் விலக்கிய சரக்கை ஏற்றக்கூடாது என்று ஆனது. சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். நூற்றாண்டுக் கணக்காக எவரையும் கேளாமல் போய்வந்த கடலில், நேற்று வந்தவனிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. மலபாரின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' இந்தக் கொடுமைகளைப் பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து பதிவு செய்த நூல். இலங்கையிலும் 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது என்பதால் அந்த வரலாறு எங்களுடையதும்தான். கடலில் தொழிலை இழந்தவர்களின் வாரிசுகளில் ஒரு பகுதியினர் இங்கே வயல் செய்யத் தொடங்கினார்கள். கப்பலுக்கோ கடைக்கோ நட்டஈடு கேட்டு அவர்கள் போட்ட மனு என்று எதுவும் நம் கைக்கு வரவில்லை. மனுக் கொடுக்க ஒரு வாசல் இருந்தால்தானே கொடுப்பதற்கு!

சீட்டு இருந்தாலும் அது காப்பாற்றியதா? 1613 இல் சூரத்துக்கு வெளியே ரஹீமி என்ற பெரிய கப்பலைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். அதனிடம் அவர்களே கொடுத்த கர்த்தாஸ் இருந்தது. ஆனால் அந்தக் கப்பலின் உரிமையாளர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் தாயார் மர்யமுஸ்ஸமானி. ஆகவே பதில் உடனே வந்தது: தமன் முற்றுகையிடப்பட்டது, மாதா கோயில்கள் மூடப்பட்டன, போர்த்துக்கேய வணிகம் முடங்கியது. மகன் பேரரசன் என்பதால் கிடைத்த நியாயம் இது. காயல்பட்டினத்து மரக்காயருக்கோ பேருவளை வணிகருக்கோ இப்படி ஒரு கப்பல் போயிருந்தால் எந்தக் கோட்டை முற்றுகையிடப்பட்டிருக்கும்?

ஐரோப்பியர் தங்களுக்குள் கப்பலைப் பறித்துக்கொண்டபோதோ வாதம் நீதிமன்றத்துக்குப் போனது. 1603 பெப்ரவரி 25 அன்று சிங்கப்பூருக்கு அருகே ஒல்லாந்தத் தலைவன் ஹேம்ஸ்கெர்க் 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தான். அதன் சரக்கு அம்ஸ்டர்டாமில் 30 இலட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது. போர்த்துக்கேயர் திருப்பிக் கேட்டார்கள். 1604 செப்டெம்பரில் அம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றம் அது சட்டப்படியான கைப்பற்றல் என்று தீர்த்தது. பறித்த கம்பனிக்காக வாதத்தை எழுதிக் கொடுத்த இளம் வழக்கறிஞர்தான் ஹ்யூகோ குரோஷியஸ். அந்த வாதத்தின் ஓர் அத்தியாயம் 1609 இல் 'சுதந்திரக் கடல்' என்ற நூலாக வந்தது. கடல் எவருக்கும் தனிச்சொத்தல்ல என்ற கோட்பாடு சர்வதேசச் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று என்று இன்று எல்லாச் சட்டக் கல்லூரியிலும் படிப்பிக்கிறார்கள். அது ஒரு பறிமுதலை நியாயப்படுத்தப் பிறந்தது என்பதையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் பேசிய ஒல்லாந்தர்தான் பின்னர் இலங்கைக் கரையைக் கைப்பற்றி, போர்த்துக்கேயரைப் போலவே அனுமதிச்சீட்டு முறையை நடத்தினார்கள். 1766 ஒப்பந்தத்தோடு கண்டிக்குச் சொந்தமாக ஒரு சாண் கரையும் மிஞ்சவில்லை.

இனி கோஜா பாபாவுக்கு வருவோம். அவருடைய வழக்கில்தான் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சும் இருக்கிறது.

கெடா மெர்ச்சன்ட் யாருடைய கப்பல்? இந்தியாவில் கட்டியது. சரக்கில் பெரும்பகுதி ஆர்மேனியருடையது, ஒரு பகுதி முகலாய அரசவைப் பிரமுகர் ஒருவருடையது. தலைவன் ரைட் என்ற ஆங்கிலேயன். கையில் இருந்தது பிரெஞ்சுக் கம்பனியின் அனுமதிச்சீட்டு. அன்றைய கடலில் இது சாதாரணம்; எந்த நாட்டுக் கப்பல் எதிர்ப்பட்டாலும் தப்ப வேண்டும் என்று வணிகர்கள் சீட்டுகளை வாங்கி வைத்திருந்தார்கள். கிட்டிடம் ஆங்கிலேய மன்னரின் ஆணை இருந்தது. எதிரியான பிரெஞ்சுக் கப்பல்களையும் கடற்கொள்ளையரையும் பிடிக்கலாம் என்பது அந்த ஆணை. அவன் தன் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நெருங்கினான். கொடியைப் பார்த்து ஏமாந்தவர்கள், கப்பலில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரைத் தலைவர் என்று அனுப்பிப் பிரெஞ்சுச் சீட்டைக் காட்டினார்கள். அவ்வளவுதான். காப்பாற்றும் என்று வாங்கிய கடுதாசியே கப்பலைக் காட்டிக்கொடுத்தது.

ஆர்மேனியர் 20,000 ரூபாய் தருகிறோம், கப்பலை விடு என்று கெஞ்சிப் பார்த்தார்கள். கிட் மறுத்தான். பிடித்த கப்பலை ஒரு நீதிமன்றத்தின் முன் கொண்டுபோய்த் தீர்ப்பு வாங்கிய பிறகே சரக்கில் கைவைக்க வேண்டும் என்பது அவனுக்கு ஆணை கொடுத்த நாட்டின் சட்டமே. அவனோ கேரளக் கரையின் காயங்குளத்தில் சரக்கை விற்றுக் கூட்டாளிகளோடு பங்கு போட்டான். செய்தி சூரத்தை எட்டியதும் முகலாய அதிகாரிகள் அங்கிருந்த ஐரோப்பியக் கம்பனிகளை நெருக்கிப் பிடித்துக் கடற்காவலுக்கு உறுதி வாங்கினார்கள். அதன் பிறகே இலண்டனுக்கு உறைத்தது. கிட் பிடிபட்டான், 1701 மே மாதம் விசாரணை நடந்தது, மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கிலிடப்பட்டான்.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது, கணக்கு முடிந்தது என்றுதான் பெரும்பாலான கதைகள் நிற்கின்றன. பொருளுக்கு என்ன ஆனது என்று கேட்பவர் குறைவு. கிட்டின் கையிலிருந்து மீட்ட உடைமைகள் அரசுடைமையாயின. 6,400 பவுணுக்கு மேல் மதிப்புள்ள அந்தத் தொகை 1705 இல் கிரீனிச் மருத்துவமனைக்குப் போனது. ஆங்கிலேயக் கடற்படையில் தேய்ந்துபோன மாலுமிகளுக்கான இல்லம் அது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் ஜுல்பா வணிகர்களின் பட்டிலிருந்தும் சீனியிலிருந்தும் வந்தது. பறித்தவனைத் தண்டிப்பது வேறு, பறிகொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாக அரசுகள் எண்ணிக்கொள்வதை அன்றிலிருந்து இன்றுவரை பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தன்னை விடுவிக்கும் என்று கிட் நம்பிய அந்தப் பிரெஞ்சுச் சீட்டு விசாரணையில் காணாமற்போனது. சுமார் இருநூறு வருடங்களுக்குப் பிறகு, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் அரச ஆவணக் காப்பகத்தில் வேறு தாள்களுக்கிடையே அது கிடைத்தது. கிட் ஓட்டிக்கொண்டுபோன கப்பலின் எச்சம் 2007 இல் டொமினிக்கன் குடியரசின் கரையோரத்தில் சில முழ ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பலும் கடுதாசியும் கிடைத்துவிட்டன.

ஆர்மேனியர் அதோடு சோர்ந்துவிடவில்லை. 1748 இல் வங்காளத்திலிருந்து பஸ்ராவுக்குச் சரக்கோடு புறப்பட்ட அவர்களுடைய கப்பல் ஒன்றை ஆங்கிலேயக் கடற்படை நாகபட்டினத்தில் பிடித்தது. பெயர் மறுபடியும் சாந்தா கத்தரினா. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்த காலம், சரக்கில் எதிரிக்குத் தொடர்பு உண்டா என்பது கேள்வி. நாகபட்டினம் அப்போது ஒல்லாந்தர் துறைமுகம், ஆர்மேனியர் பாரசீகக் குடிகள். மூன்று நாட்டுக்கும் பொதுவான நீதிமன்றம் எதுவும் இல்லாததால் வழக்கு இலண்டன் கடற்படை நீதிமன்றத்துக்குப் போய் 1752 வரை இழுத்தது. கப்பலில் இருந்த சுமார் 1,700 கடிதங்களும் சான்றுகளாகப் பறிக்கப்பட்டன. கல்கத்தாவிலிருந்து கணவன் மனைவிக்கு எழுதியது, முகவர் முதலாளிக்குக் கணக்குச் சொன்னது, யாருக்கோ மரணச் செய்தி. எதுவும் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. இன்று வரலாற்றாசிரியர் செபூ அஸ்லானியன் போன்றவர்கள் அவற்றைப் படித்துத்தான் ஜுல்பா வணிகர்களின் உலகத்தை நமக்குச் சொல்கிறார்கள்.

நாகபட்டினத்தின் பக்கத்து ஊர் நாகூர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் கொடியேறுவது நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில். மூழ்க இருந்த கப்பலின் ஓட்டையைத் தூரத்திலிருந்தே அடைத்தவர் என்று கடலோடிகள் சொல்லும் பெரியார் அவர். எங்கள் வாப்பாமாரும் மூத்தாப்பாமாரும் கடலுக்குப் போகும்போது அவர் பேரில் நேர்ச்சை வைத்ததற்கு ஒரு காரணம் புயல் என்றால், புயலைத் தவிரவும் கடலில் பயப்பட வேண்டியவை இருந்தன என்பது இன்னொன்று.

19 ஆம் நூற்றாண்டில் நிலைமை சற்று மாறியது. கப்பலைத் தடுத்துவைக்க நீதிமன்ற ஆணை தேவை என்றானது. ஆனால் நீதிமன்றமே தவறான கப்பலைத் தடுத்துவிட்டால்? இதற்கான பதிலை இன்றும் ஆட்சி செய்யும் வழக்கு 1858 இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்த்த 'எவாஞ்செலிஸ்மோஸ்' வழக்கு. ஒரு மோதல் நடந்தது, மோதியது இந்தக் கப்பல்தான் என்று தவறாக எண்ணிப் பிடித்துவைத்தார்கள். அந்தக் கப்பல் அல்ல என்று நிரூபணமாயிற்று. உரிமையாளர் நட்டஈடு கேட்டார். கெட்ட எண்ணமோ அதற்கு நிகரான படுமோசமான கவனயீனமோ இருந்தாலன்றி நட்டஈடு இல்லை என்று கைவிரித்தார்கள். அந்த வழக்காளியின் பெயர் க்செனோஸ். கிரேக்க மொழியில் அதற்கு 'அந்நியன்' என்று பொருள்.

பிடித்தவன் நேர்மையாகத் தவறியிருந்தால் நட்டம் பிடிபட்டவனுக்கே. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் இன்றும் இதுதான் நிலை. அவுஸ்திரேலியா 1988 இல் தன் கடல்சார் சட்டத்தில் இதை மாற்றியது: நியாயமான காரணமின்றிக் கப்பலைத் தடுத்தவர் இழப்புக்குப் பொறுப்பு.

நம் காலத்தில் நாடுகளுக்குப் பொதுவான ஒரு நீதிமன்றம் வந்திருக்கிறது. 1982 இன் கடற்சட்ட உடன்படிக்கையின் கீழ் ஹம்பர்க்கில் அமைந்த சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் அது. அதன் முதல் வழக்கே தவறாகப் பிடிக்கப்பட்ட ஒரு கப்பல்தான். 1997 ஒக்டோபர் 28 அன்று மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் விற்ற 'சைகா' என்ற கப்பலைக் கினி நாட்டுக் காவல் படகுகள் சுட்டுப் பிடித்தன. கப்பலில் இருந்த இருவர் காயமடைந்தார்கள். செயின்ற் வின்சன்ற் கொடி, சைப்ரஸ் உரிமையாளர், உக்ரேனிய மாலுமிகள். கெடா மெர்ச்சன்டைப் போலவே எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்ல முடியாத கப்பல். தீர்ப்பாயம் டிசம்பர் 4 இல், பிடித்து ஆறு வாரத்துக்குள், பிணையில் விடச் சொன்னது; 1999 ஜூலை 1 இல் 21,23,357 டொலரும் வட்டியும் கட்டச் சொன்னது. கோஜா பாபாவுக்கு மூன்று வருடத்திலும் கிடைக்காதது இது. ஆனால் எல்லா வழக்கும் சைகா ஆகாது. 1998 இல் இத்தாலி கேட்டு ஸ்பெயினில் தடுத்துவைத்த 'நோர்ஸ்டார்' கப்பலை 2003 இலேயே இத்தாலிய நீதிமன்றம் விடுவித்தது. கப்பல் அதற்குள் துருப்பிடித்துவிட்டது. 2,85,000 டொலர் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது 2019 இல். இன்னொன்று: இந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கிட வேண்டியது கொடியின் அரசு. அரசு அசையாவிட்டால் உரிமையாளர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வி எங்கள் கடலுக்கு வெளியே இல்லை. 2020 செப்டெம்பர் 3 அன்று குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெயோடு போன 'நியூ டயமன்ட்' சங்கமன்கண்டிக்குக் கிழக்கே தீப்பிடித்தபோது பொத்துவில் முதல் மருதமுனை வரை கரையோர மக்கள் எண்ணெய் எப்போது வந்து சேரும் என்று பயத்தோடு இருந்தோம். ஒரு பிலிப்பைன் மாலுமி இறந்தார். வழக்கு நடந்ததோ கொழும்பில். 1983 இன் 40 ஆம் இலக்கக் கடல்சார் நியாயாதிக்கச் சட்டப்படி கப்பல் சம்பந்தமான வழக்குகளைக் கேட்பது கொழும்பு மேல் நீதிமன்றம். கல்முனையிலும் மேல் நீதிமன்றம் இருக்கிறது, ஒலுவிலில் 2013 இல் திறந்த துறைமுகமும் இருக்கிறது. ஆனால் கப்பலின் மீதோ கப்பலுக்காகவோ வழக்கென்றால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

வடக்கில் பிடிபடும் தமிழகப் படகுகளின் விடயம் இன்னும் சிக்கல். இழுவைமடி நம் வடபுலத்து மீனவரின் வலையையும் வாழ்வையும் நாசம் செய்கிறது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் உரிமையாளர் தவணைக்குக் கடல் தாண்டி வந்து நீதிமன்றத்தில் முன்னிலையாகாவிட்டால் படகு அரசுடைமை என்ற ஏற்பாட்டில், கூலிக்கு ஓட்டியவரும் கடன் பட்டு வாங்கியவரும் ஒன்றாக அடிபடுகிறார்கள். பிணையில் விரைவாக விடுவது 1994 இல் நாமும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 73 ஆம் உறுப்புரை. எங்கள் பகுதி ஆழ்கடல் படகுகளும் எஞ்சின் பழுதாகி அயல்நாட்டுக் கடலுக்குள் அள்ளுண்டு போவதுண்டு. அப்போது நாம் அங்கே எதிர்பார்க்கும் நடைமுறையை இங்கே நாமும் கடைப்பிடிக்க வேண்டும்.

கல்முனைக்குடி வாடியொன்றில் அண்மையில் ஒரு படகோட்டி தன் படகின் பதிவுப் பத்திரத்தையும் மீன்பிடி உரிமத்தையும் எடுத்துக் காட்டினார். பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார். உப்புக் காற்றில் ஓரம் பழுத்துப்போன தாள்கள். பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, எல்லாம் இதில்தான், இது எப்போதும் படகில்தான் என்றார்.

நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளிடமும் சட்டத்தரணிகளிடமும் கேட்பது இரண்டு. கிழக்கில் ஒரு மேல் நீதிமன்றத்துக்காவது கடல்சார் வழக்குகளைக் கேட்கும் அதிகாரம் வாங்கித் தாருங்கள். நியாயமான காரணமின்றிக் கப்பலையோ படகையோ தடுத்தவர் இழப்பைக் கட்ட வேண்டும் என்று அவுஸ்திரேலியர் எழுதியதைப் போல ஒரு பிரிவை நம் சட்டத்திலும் எழுதுங்கள். படகுக்காரர்களிடம் கேட்பது ஒன்று: பதிவு, உரிமம், சரக்குச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரு பிரதியைக் கரையில் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.